100-க்கு 100 வாங்கிய தளத்தில் படிவத்தை ஏன் அனுப்ப முடியவில்லை?

வாசகர் கேள்வி:

வணக்கம். ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராக இருக்கிறேன். எங்கள் தளத்தில் உறுப்பினர் பதிவுப் படிவம் ஒன்று இருக்கிறது: பெயர், பிறந்த தேதி, முகவரி, கைபேசிக்கு வரும் ஓ.டி.பி., கடைசியில் ‘சமர்ப்பி’. வெளியிடுவதற்கு முன், தளங்களைத் தானாகச் சோதித்து மதிப்பெண் தரும் லைட்ஹவுஸ் கருவியில் ஓட்டிப் பார்த்தோம், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் அணுகல்தன்மைக்கு 100-க்கு 100 வந்தது. அதே வகையான ஆக்ஸ் கருவியும் பிழை எதுவும் காட்டவில்லை. போன மாதம் பார்வையற்ற பயனர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: “பிறந்த தேதியை என்னால் தேர்வு செய்ய முடியவில்லை. வீட்டில் ஒருவரைக் கேட்டு அதை நிரப்பிய பிறகும், சமர்ப்பி பட்டனை அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை.” எங்களிடம் எல்லாம் சரியாக வேலை செய்கிறது. மேலாளர் இரண்டு வாரம் தந்திருக்கிறார். ஒரு வரி ஸ்கிரிப்டைச் சேர்த்தால் தளம் முழுவதும் அணுகத்தக்கதாகிவிடும் என்று விளம்பரம் செய்யும் விட்ஜெட் ஒன்றை வாங்கிவிடலாமா என்றும் கேட்கிறார். நாங்கள் எதைத் தவறவிட்டோம்? இரண்டு வாரத்தில் என்ன செய்ய முடியும்? இதற்கென்று சான்றிதழ் படிப்பு படித்துவிட்டுத்தான் நான் இதில் இறங்க வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

வணக்கம். முதல் வேலையாக, அந்தப் பயனர் எழுதியதை அப்படியே நம்புங்கள். ‘எங்களிடம் வேலை செய்கிறது’ என்று நீங்கள் சொல்வது, மவுஸைப் பிடித்துக்கொண்டு, திரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டு செய்தபோது வேலை செய்தது என்பதுதான். அவர் செய்தது வேறு. அவர் சொன்ன இரண்டு புகார்களையும் படித்ததுமே கோளாறு எங்கே இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் அந்த 100 மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் குழு அதைத்தான் நம்பியிருந்தது.

லைட்ஹவுஸ் தன் அணுகல்தன்மைச் சோதனைக்கு உள்ளே பயன்படுத்துவது ஆக்ஸ் நிரலின் விதிகளில் ஒரு பகுதியைத்தான். ஆகவே இரண்டிலும் தேறினோம் என்பதை இரண்டு தனித்தனி சாட்சிகளாகக் கணக்கில் எடுக்க முடியாது. இந்தக் கருவிகள் நிரலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கின்றன. படத்துக்கு, அதைச் சொல்லில் விவரிக்கும் ‘ஆல்ட்’ வாசகம் இருக்கிறதா என்று பார்க்கும். அந்த வாசகம் ‘படம் 1’ என்று இருந்தால் அது யாருக்கும் உதவாது என்பது அதற்குத் தெரியாது. பெட்டிக்கு லேபிள் இருக்கிறதா என்று பார்க்கும். பிழைச் செய்தி வந்தபோது அது பயனரின் காதுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காது. இன்னொன்றும் உண்டு. நீங்கள் ஓட்டியபோது படிவம் காலியாக, மூடிய காலண்டரோடு, பிழை எதுவும் இல்லாமல் இருந்திருக்கும். கருவி அந்த ஒரு நிலையை மட்டும்தான் சோதித்தது. காலண்டர் திறந்த நிலையும், தவறாக நிரப்பி அனுப்பிய நிலையும், ஓ.டி.பி. காலாவதியான நிலையும் சோதிக்கப்படவே இல்லை. உங்கள் பயனர் மாட்டிக்கொண்டது அந்த நிலைகளில்தான்.

பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2017-ல் ஒரு சோதனை செய்தது. வேண்டுமென்றே 140-க்கும் மேற்பட்ட தடைகளை உள்ளே வைத்து ஒரு பக்கத்தைக் கட்டி, புழக்கத்தில் இருந்த தானியங்கிக் கருவிகளை அதன்மேல் ஓட்டிப் பார்த்தார்கள். மிக நன்றாகச் செய்த கருவியே சுமார் 40 சதவீதத்தைத்தான் பிடித்தது. எந்தக் கருவியின் கண்ணிலும் படாத தடைகளும் நிறைய இருந்தன. அதற்குப் பிறகு கருவிகள் மேம்பட்டிருக்கின்றன, ஆனால் எல்லை அதே இடத்தில்தான் இருக்கிறது: பொருள் சரியா, வரிசை சரியா, வேலை முடிந்ததா என்று மனிதர்தான் சொல்ல வேண்டும்.

இதற்காகக் கருவிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கியாகச் சோதிக்கிறது. 2025 அறிக்கையில் 94.8 சதவீதப் பக்கங்களில் கருவியே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகள் இருந்தன. மங்கலான எழுத்து, ஆல்ட் இல்லாத படம், லேபிள் இல்லாத பெட்டி, வெறுமையான இணைப்பு, வெறுமையான பட்டன், பக்கத்தின் மொழி குறிக்கப்படாதது என்று ஆண்டுக்கு ஆண்டு அதே ஆறு வகைகள்தான் மேலே நிற்கின்றன. உங்கள் தளம் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது, அது நல்ல விஷயம். ஆனால் அங்கேயே நின்றுவிட்டீர்கள்.

என்னுடைய ஆலோசனை இதுதான்: பக்கம் பக்கமாகச் சோதிப்பதை விட்டுவிட்டு, ஒரு முழு வேலையை எடுத்துச் சோதியுங்கள். ‘புதிய உறுப்பினராகப் பதிவு செய்வது’ என்பது ஒரு வேலை. அதை முதலிலிருந்து கடைசிவரை, வழியில் வேண்டுமென்றே இரண்டு மூன்று தவறுகளும் செய்து, முதலில் கீபோர்டை மட்டும் வைத்து முடியுங்கள். அப்புறம், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் மென்பொருளை வைத்து முடியுங்கள். பிறகு திரையை 400 சதவீதம் பெரிதாக்கி முடியுங்கள். இதில் எந்த முறையில் முடிக்க முடியவில்லையோ, அந்த முறையை நம்பியிருக்கும் மனிதர்களுக்கு உங்கள் தளம் மூடப்பட்டிருக்கிறது என்று பொருள். மதிப்பெண் எவ்வளவு என்பது அப்போது முக்கியமே இல்லை.

கீபோர்டிலிருந்து தொடங்குவோம். மவுஸைக் கழற்றி வைத்துவிடுங்கள், பக்கத்தில் இருந்தால் கை தானாகப் போகும். டேப் விசை முன்னே கொண்டுபோகும், ஷிப்ட்டும் டேப்பும் சேர்ந்தால் பின்னே. இணைப்புக்கு என்டர், பட்டனுக்கு என்டர் அல்லது ஸ்பேஸ், ரேடியோ பட்டன்களுக்குள் அம்பு விசைகள், திறந்ததை மூட எஸ்கேப். மேக் கணினியில் சஃபாரியைப் பயன்படுத்தினால், டேப் விசை இணைப்புகளில் நிற்பதற்கு அமைப்புகளில் ஒரு தேர்வை இயக்க வேண்டியிருக்கும். அது தெரியாமல் நல்ல தளத்தையும் பழுது என்று எழுதிவிடாதீர்கள்.

ஒவ்வொரு முறை டேப்பைத் தட்டும்போதும் ‘நான் இப்போது எங்கே இருக்கிறேன்?’ என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் யாரோ, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சி.எஸ்.எஸ்.ஸில் ‘அவுட்லைன்: நன்’ என்று எழுதி, கீபோர்டு இப்போது நிற்கும் இடத்தை (ஃபோகஸ்) காட்டும் வளையத்தை அழித்திருக்கிறார்கள். வடிவமைப்பாளருக்கு அந்த வளையம் அழகாகப் படவில்லை என்றால் வேறு அழகான வளையம் வரையச் சொல்லுங்கள். எடுத்துவிடுவது மட்டும் கூடாது. கை நடுங்குவதால் மவுஸைப் பிடிக்க முடியாதவர் அந்த வளையத்தைப் பார்த்துத்தான் நகர்கிறார். அடுத்து வரிசையைப் பாருங்கள். திரையில் பெயர், தேதி, முகவரி என்று இருக்க, டேப் போகும் வழி பெயர், முகவரி, மேலே மெனு, மறுபடி தேதி என்று குதிக்கிறதா? பாப்-அப் திறக்கும்போது ஃபோகஸ் அதற்குள் போகிறதா, மூடியதும் திறந்த பட்டனுக்கே திரும்புகிறதா? திரும்பாமல் பக்கத்தின் தலைக்கே போய்விட்டால், திரையைப் பார்க்காத ஒருவர் இவ்வளவு நேரம் கடந்து வந்த பாதையை மீண்டும் நடக்க வேண்டும். எச்.டி.எம்.எல்.லில் இப்போது ‘டயலாக்’ என்றே ஒரு டேக் இருக்கிறது. அதை ‘ஷோமோடல்’ முறையில் திறந்தால் ஃபோகஸை உள்ளே வைத்திருப்பது, எஸ்கேப்பில் மூடுவது ஆகியவற்றை பிரவுசரே பார்த்துக்கொள்ளும். சொந்தமாகக் கட்டிய பாப்-அப்பைவிட அது பெரும்பாலும் நன்றாக நடந்துகொள்கிறது.

இப்போது உங்கள் பிறந்த தேதி. பயனர் சொன்னதை வைத்துப் பார்த்தால், அது, தனக்கென எந்த வேலையும் இல்லாத வெறும் ‘டிவ்’ டேக்குகளால் கட்டிய காலண்டராக இருக்க வாய்ப்பு அதிகம். தேதி ஒவ்வொன்றும் கிளிக் செய்தால் மட்டும் வேலை செய்யும், டேப் அங்கே நிற்காது, பெட்டியில் நேரடியாகத் தட்டச்சு செய்யவும் விடாது. காலண்டரைச் சரிசெய்ய முயல்வதற்கு முன், அது இங்கே தேவையா என்று கேளுங்கள். அடுத்த வாரம் எந்த நாளில் வரலாம் என்று தேர்வு செய்யக் காலண்டர் உதவும். தன் பிறந்த தேதி யாருக்கும் மனப்பாடம். அதற்காக ஐம்பது வருடம் பின்னால் கிளிக் செய்துகொண்டே போவது கண் தெரிந்தவருக்கும் தொல்லைதான். நாள், மாதம், வருடம் என்று மூன்று சாதாரண உள்ளீட்டுப் பெட்டிகள் போடுங்கள். மூன்றையும் ‘ஃபீல்டுசெட்’ என்ற குழு டேக்குக்குள் வைத்து, அதன் தலைப்பான ‘லெஜண்டு’ ஆகப் ‘பிறந்த தேதி’ என்று எழுதுங்கள். பிரிட்டன் அரசின் வடிவமைப்புத் தொகுப்பு, மனதில் நிற்கும் தேதிகளுக்கு இதே முறையைத்தான் பரிந்துரைக்கிறது. ஒரு டெவலப்பருக்கு இது அரைநாள் வேலைகூட இல்லை.

இரண்டாவது புகார், ‘எதுவும் நடப்பதில்லை’. நடந்திருக்கும். படிவத்தில் ஏதோ ஒரு பிழை இருந்து, பக்கத்தின் மேலே சிவப்பில் ஒரு வரி வந்திருக்கும், அல்லது மூலையில் ஒரு சின்னச் செய்தி மூன்று நொடி மின்னி மறைந்திருக்கும். அவரைப் பொறுத்தவரை பட்டனை அழுத்தினார், மௌனம். பிழை இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. இதைச் சரிசெய்யும் வழி ஓரளவு நிலைபெற்றுவிட்டது. பிழையோடு சமர்ப்பித்ததும், மேலே ஒரு பிழைச் சுருக்கம் காட்டி, ஃபோகஸை அங்கே நகர்த்துங்கள். சுருக்கத்தின் ஒவ்வொரு வரியும் அந்தந்தப் பெட்டிக்குப் போகும் இணைப்பாக இருக்கட்டும். சிறிய படிவமென்றால் முதல் பிழைப் பெட்டிக்கே ஃபோகஸை நேரடியாகக் கொண்டுபோகலாம். பெட்டிக்குக் கீழே பிழையை எழுத்தில் சொல்லுங்கள், அதை ‘ஏரியா’ (ARIA, ஸ்க்ரீன் ரீடருக்குக் கூடுதல் தகவல் தரும் பண்புகள்) வகையைச் சேர்ந்த ‘ஏரியா-டிஸ்கிரைப்டுபை’ மூலம் பெட்டியோடு இணையுங்கள், ‘ஏரியா-இன்வேலிட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்குங்கள். அப்போது ஸ்க்ரீன் ரீடர் பெட்டிக்குள் நுழைந்ததும் பெயரோடு பிழையையும் சேர்த்துப் படிக்கும். ‘தவறான உள்ளீடு’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘வருடத்தை நான்கு இலக்கமாக எழுதுங்கள், எடுத்துக்காட்டு 1984’ என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். பக்கம் நகராமல் ‘சேமிக்கப்பட்டது’ போன்ற செய்தியைச் சொல்ல ‘ஏரியா-லைவ்’ பகுதியைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தப் பகுதி காலியாகவாவது முன்கூட்டியே பக்கத்தில் இருக்க வேண்டும். செய்தியோடு சேர்த்துப் புதிதாகச் செருகினால் சில ஸ்க்ரீன் ரீடர்கள் அதை அறிவிக்காமல் விட்டுவிடும். டெவலப்பர்கள் ‘ஏரியா போட்டுவிட்டேனே, ஏன் பேசவில்லை?’ என்று கேட்கும்போது பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கிறது.

லேபிளையும் ஒருமுறை பாருங்கள். பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் எழுதும் பிளேஸ்ஹோல்டரை லேபிளாக வைத்திருந்தால், தட்டச்சு தொடங்கியதும் அது மறைந்துவிடும். நடுவில் கவனம் சிதறியவருக்குத் தான் எந்தப் பெட்டியில் இருக்கிறோம் என்பதே தெரியாது.

ஓ.டி.பி.யைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அதுவரை அவரால் வரவே முடியவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். எனக்கு அங்கேதான் பயம். ஆறு இலக்கத்துக்கு ஆறு தனிப் பெட்டிகள் வைத்திருக்கிறீர்களா? பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எண்ணை நகலெடுத்து ஒட்டினால் முதல் இலக்கம் மட்டும் விழும், ஸ்க்ரீன் ரீடரில் பெயரில்லாத பெட்டி ஆறு தடவை வரும். ஒரே பெட்டியாக மாற்றுங்கள், ஒட்டுவதை அனுமதியுங்கள், ‘ஆட்டோகம்ப்ளீட்’ மதிப்பாக ‘ஒன்-டைம்-கோட்’ கொடுங்கள், கைபேசிகள் குறுஞ்செய்தியிலிருந்து அந்த எண்ணைத் தாமே எடுத்துக் கொடுக்கும். டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 என்ற சர்வதேச அணுகல்தன்மை விதித் தொகுப்பில் உள்நுழைவுக்கென்று வந்த புதிய விதியும் இதைத்தான் சொல்கிறது: எண்ணை மனதில் வைத்துக்கொண்டு வந்து எழுதும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. நேரம் முடிந்துவிட்டால் இதுவரை நிரப்பியதை அழித்துவிடாமல் புதிய எண் கேட்க வழி கொடுங்கள். ஸ்க்ரீன் ரீடரில் ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குப் போய் எண்ணைக் கேட்டுத் திரும்பி வர நேரம் பிடிக்கும். கை மெதுவாக இயங்குபவருக்கும் அப்படித்தான். முப்பது நொடிக் கெடு வைத்தவர் இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

இனி ஸ்க்ரீன் ரீடர். விண்டோஸ் கணினி இருந்தால் என்.வி.டி.ஏ. போதும், இலவசம், திறந்த மூலம். குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ ஓட்டுங்கள். ஆப்பிள் கருவிகளில் வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் இருக்கின்றன. முதல் நாள் அந்தப் பேச்சு வேகமாக, தலை சுற்றுவது போல இருக்கும். கண்ட்ரோல் விசையைத் தட்டினால் பேச்சு நிற்கும், அது தெரிந்தாலே பாதி பதற்றம் போய்விடும். என்.வி.டி.ஏ.வின் கருவிகள் மெனுவில் ‘ஸ்பீச் வியூவர்’ என்று ஒன்று உண்டு, பேசுவதை எல்லாம் எழுத்தாகக் காட்டும். அதை நகலெடுத்துப் பிழையைப் பதிவு செய்யும் டிக்கெட்டில் ஒட்டிவிடலாம். ‘இங்கே சரியாகப் படிக்கவில்லை’ என்று நீங்கள் விவரிப்பதைவிட, ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று அது பேசிய வரியை அப்படியே காட்டினால் டெவலப்பருக்குச் சட்டென்று புரியும்.

மேலிருந்து கீழ்வரை முழுவதையும் கேட்டுக்கொண்டிருப்பது யாரும் செய்யாத வேலை. பழகியவர்கள் எச் விசையைத் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவுவார்கள், எஃப் தட்டிப் படிவப் பெட்டிகளுக்குப் போவார்கள், டி தட்டிப் பக்கத்தின் பெரும் பகுதிகளுக்குப் போவார்கள். நீங்களும் அப்படியே போய்ப் பாருங்கள். தலைப்புபோலத் தெரியும் ஒரு வரி வெறும் தடித்த எழுத்தாக இருந்தால் அது அந்தத் தாவலில் அகப்படாது.

என்.வி.டி.ஏ.வில் படிக்கும் நிலை, தட்டச்சு நிலை என இரண்டு உண்டு. படிக்கும் நிலையில், கிளிக் மட்டும் வைத்த ‘டிவ்’மேல் என்டரைத் தட்டினால் அது சில நேரம் வேலை செய்துவிடும், ஏனென்றால் கிளிக் செய்வதை என்.வி.டி.ஏ.வே செய்துகொடுக்கிறது. அதே ‘டிவ்’ ஸ்க்ரீன் ரீடர் இல்லாமல் கீபோர்டை மட்டும் பயன்படுத்துபவருக்கு எட்டவே எட்டாது. எதிர்ப்பக்கமும் நடக்கும்: கீபோர்டில் அழகாக ஓடும் ஐகான் பட்டனுக்குப் பெயரே இருக்காது. அதனால்தான் இரண்டு முறையையும் தனித்தனியாகச் செய்யச் சொன்னேன்.

இங்கே ஏரியா பற்றி ஓர் எச்சரிக்கை. பிழையைக் கண்டதும் டெவலப்பர்கள் ஆங்காங்கே ஏரியா பண்புகளைத் தூவத் தொடங்குவார்கள். ‘டிவ்’மேல், அது என்ன வகை உறுப்பு என்று சொல்லும் ரோலாகப் பட்டன் என்று எழுதினால் ஸ்க்ரீன் ரீடர் ‘பட்டன்’ என்று சொல்லும், அவ்வளவுதான். டேப் அங்கே நிற்பதற்கும், என்டருக்கும் ஸ்பேஸுக்கும் அது பதில் சொல்வதற்கும் நீங்கள்தான் நிரல் எழுத வேண்டும். அதை எழுதாமல் விட்டால், பட்டன் என்று சொல்லிப் பயனரை நம்பவைத்து ஏமாற்றியதாகிவிடும். உண்மையான ‘பட்டன்’ டேக் இருக்கும்போது அதைப் போடுங்கள், எல்லாம் கூடவே வரும். ஏரியாவைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டுதலின் முதல் விதியே, எச்.டி.எம்.எல்.லில் இருப்பதை முதலில் பயன்படுத்து என்பதுதான்.

பெரிதாக்கும் சோதனை எளிது. 1280 பிக்சல் அகலச் சாளரத்தை 400 சதவீதமாக்கினால் 320 பிக்சல் அகலம்தான் மிஞ்சும். அந்த நிலையில் பக்கவாட்டில் உருட்டாமல் படிக்க முடிய வேண்டும், சமர்ப்பி பட்டன் எதற்கும் பின்னால் மறையக் கூடாது. நிறத்தில், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு 4.5-க்கு 1 இருக்க வேண்டும், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் தேறும், #777777 தேறாது, அவ்வளவு நூலிழை. தொடுபரப்பு குறைந்தது 24-க்கு 24 பிக்சல் என்பது 2.2-ல் வந்த புதிய விதி. சிவப்பு நிறத்தை மட்டும் வைத்துப் பிழையைச் சொல்லாதீர்கள்.

தமிழில் பக்கம் நடத்துபவர்கள் அடிக்கடி கவனிக்காமல் விடும் ஒன்று: எச்.டி.எம்.எல். தொடக்கத்தில் மொழிக் குறியீடு. எங்கிருந்தோ எடுத்த டெம்ப்ளேட்டில் ஆங்கிலம் என்று குறித்திருப்பது அப்படியே கிடக்கும். கருவியும், ‘மொழி குறிக்கப்பட்டிருக்கிறது’ என்று தேர்ச்சி கொடுத்துவிடும். ஸ்க்ரீன் ரீடரோ ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தமிழைப் படிக்க முயலும். குரலைப் பொறுத்து சொற்களை விழுங்கும், அல்லது கேட்க முடியாத ஏதோ ஒன்றை உச்சரிக்கும். தமிழுக்கு உரிய குறியீட்டைப் போடுங்கள், நடுவில் ஆங்கிலப் பத்தி வந்தால் அதற்கு மட்டும் தனியாக ஆங்கிலக் குறியீடு கொடுங்கள். உயரத்தை நிலையாக வைத்த பெட்டிகளையும் தேடிப் பிடியுங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் மேலே ஏறும் ‘கீ’யும் கீழே இறங்கும் ‘கூ’வும் வெட்டுப்பட்டு நிற்கும்.

விட்ஜெட்டுக்கு வருகிறேன். வாங்க வேண்டாம் என்று மேலாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மேலே ஒட்டும் ஒரு ஸ்கிரிப்டுக்கு உங்கள் காலண்டர் என்ன செய்ய வேண்டும் என்பதோ, எந்தப் பிழையை யாருக்கு எப்போது சொல்ல வேண்டும் என்பதோ தெரியாது. எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும் பட்டன்களை அது தரலாம். அது தேவைப்படுபவர் ஏற்கெனவே தன் கணினியிலும் பிரவுசரிலும் அதை வைத்திருக்கிறார். சில நேரம் இந்த விட்ஜெட்டுகள் ஸ்க்ரீன் ரீடரோடு மோதி, இருந்த வசதியையும் கெடுக்கின்றன. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025-ல், தன் கருவி எந்தத் தளத்தையும் விதிகளுக்கு ஏற்றதாக ஆக்கிவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை 10 லட்சம் டாலர் செலுத்தும்படி உத்தரவிட்டது. மேலாளருக்கு இந்த ஒரு தகவல் போதும் என்று நினைக்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் உண்டென்றால் இன்னொன்றும் சொல்லுங்கள்: ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது.

அந்தப் பணத்தில் வேறொன்று செய்யலாம். ஸ்க்ரீன் ரீடரை அன்றாடம் பயன்படுத்தும் இரண்டு மூன்று பேரை அழைத்து, உங்கள் படிவத்தை நிரப்பச் சொல்லி, பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். அவர்கள் நேரத்துக்கு உரிய ஊதியம் கொடுங்கள், இது உதவியாகக் கேட்கும் வேலை இல்லை. நடுவில் புகுந்து ‘அங்கே இருக்கிறது பாருங்கள்’ என்று வழி காட்டாதீர்கள். உங்களுக்கு எழுதிய அந்தப் பயனருக்கு இந்த வாரமே பதில் எழுதி, எந்த ஸ்க்ரீன் ரீடர், எந்த பிரவுசர் என்று கேளுங்கள். சரிசெய்யும்வரை அவர் பதிவு செய்ய வேறு வழி ஒன்றையும் கொடுங்கள். அவருக்கு விருப்பமிருந்தால் முதல் அழைப்பு அவருக்கே போகட்டும். நீங்கள் ஸ்க்ரீன் ரீடர் பழகுவது அவசியம்தான், என்றாலும் கண் தெரிந்த டெஸ்டர் எவ்வளவு பழகினாலும் திரையில் பார்த்ததை வைத்து மனம் இட்டு நிரப்பிக்கொள்ளும். அவர்களுக்கு அந்த வசதி இல்லை, ஆகவே உண்மையான தடை அவர்கள் கையில்தான் தெரியவரும்.

இரண்டு வாரத்தை எப்படிப் பிரிப்பது? முதல் மூன்று நாள், நான் மேலே சொன்னபடி நீங்கள் வேலையைச் சோதித்து, தடைகளை எழுதுங்கள். டிக்கெட்டில் விதி எண்ணை மட்டும் எழுதினால் யாரும் தொட மாட்டார்கள். ‘கீபோர்டை மட்டும் பயன்படுத்துபவர் பிறந்த தேதியை நிரப்ப முடியாது, ஆகவே பதிவு செய்யவே முடியாது’ என்று தொடங்குங்கள், அப்புறம் படிகள், எதிர்பார்ப்பது, கடைசியில் விதி எண். வேலையை நிறுத்திவிடும் தடைகள் முதலில், தொல்லை தரும் தடைகள் அடுத்து. பிழைகளின் எண்ணிக்கையைப் பார்த்து வரிசைப்படுத்தாதீர்கள். நாற்பது இடத்தில் மங்கலாக இருக்கும் எழுத்தைவிட, ஒரே இடத்தில் பூட்டியிருக்கும் தேதிப் பெட்டிதான் இப்போது அவசரம். மீதி நாட்களில் டெவலப்பர்கள் தேதி, பிழைச் செய்தி, ஓ.டி.பி. மூன்றையும் பொதுவான காம்பொனென்ட் அளவிலேயே சரிசெய்யட்டும். அதே பெட்டி வேறு பத்துப் பக்கங்களில் இருக்கும், அங்கேயும் சேர்ந்தே சரியாகிவிடும்.

மறுபடி உடையாமல் பார்த்துக்கொள்ள, தானியங்கிக் கருவி இங்கே அருமையாக உதவும். ஆக்ஸை, நிரல் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் உங்கள் பில்டு பைப்லைனில் சேருங்கள், ஆனால் படிவத்தின் எல்லா நிலைகளிலும் ஓட விடுங்கள்: காலியாக, பிழையோடு, பாப்-அப் திறந்து. பழைய பிழைகள் நிறைய இருந்தால் அவற்றைப் பட்டியலிட்டு ஒதுக்கி வைத்து, புதிதாக வருபவற்றுக்கு மட்டும் பில்டை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் நாளே யாராவது சோதனையை அணைத்துவிடுவார்கள். பிளேரைட் போன்ற, பிரவுசரைத் தானாக இயக்கும் கருவிகளில் சோதனை எழுதும்போது சி.எஸ்.எஸ். கிளாஸை வைத்துத் தேடாமல், ‘சமர்ப்பி என்ற பெயருள்ள பட்டன்’ என்று ரோலையும் பெயரையும் வைத்துத் தேடுங்கள். யாராவது அதை ‘டிவ்’ ஆக மாற்றினாலோ பெயரை எடுத்துவிட்டாலோ சோதனை அந்த நொடியே தோற்றுவிடும். தனியாக அணுகல்தன்மைச் சோதனை எழுதாமலே பாதிக் காவல் கிடைத்துவிடுகிறது. டிசைனர் கொடுக்கும் வரைபடத்திலேயே ஃபோகஸ் எப்படித் தெரியும், பிழை எப்படித் தெரியும், டேப் எந்த வரிசையில் போகும் என்று கேட்கும் பழக்கத்தையும் கொண்டுவாருங்கள். அந்தக் கட்டத்தில் ஒரு கேள்வியில் முடிவது, வெளியிட்ட பிறகு குழுவின் ஒரு முழு வேலைச் சுற்றை (ஸ்பிரிண்ட்) தின்றுவிடும்.

சான்றிதழ் இப்போது தேவையில்லை. ஐ.ஏ.ஏ.பி. என்ற தொழில்முறைச் சங்கம் தேர்வுகள் நடத்துகிறது, இந்தத் துறையிலேயே தொடர நினைத்தால் பிறகு எழுதிக்கொள்ளலாம். முதலில் டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் வந்தது, மொத்தம் 86 விதிகள், அதில் ஏ, ஏஏ நிலைகளுக்கு உரிய 55-தான் உங்கள் இலக்கு. விதிகளின் மொழி இறுக்கமாக இருக்கும். ஒவ்வொரு விதிக்கும் கூடவே ஒரு விளக்கப் பக்கம் வெளியிட்டிருக்கிறார்கள், அதில் ‘யாருக்கு இது உதவும்’ என்ற பகுதியை முதலில் படியுங்கள், மற்றது தானாகப் புரியும். 55-ஐயும் வரிசையாக மனப்பாடம் செய்ய வேண்டாம், உங்கள் படிவத்தில் கண்ட தடை ஒவ்வொன்றுக்கும் எந்த விதி என்று தேடிப் போங்கள். டேப் வரிசை, மெனு, காலண்டர் போன்றவை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இந்த விதிகளை வெளியிடும் டபிள்யூ3சி அமைப்பின் ஏரியா எழுதும் வழிகாட்டியில் செய்து காட்டிய மாதிரிகள் இருக்கின்றன. அவை நடத்தையை விளக்குவதற்காக எழுதியவை. கைபேசிகளிலும் எல்லா ஸ்க்ரீன் ரீடர்களிலும் ஒரே மாதிரி ஓடும் என்று உத்தரவாதம் இல்லை, எனவே எடுத்து ஒட்டுவதற்கு முன் என்.வி.டி.ஏ.விலும் டாக்பேக்கிலும் நீங்களே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.